வாதி

ரூவியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
ஏசிப் பெட்டிகள் சொட்டும் சந்தில்
இரண்டு பிளாஸ்டிக் மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டோம்.
உவைஸ் சர்க்கரை இல்லாமல் கேட்டான்.
அவன் பங்கையும் எனக்குப் போடு என்றான் பெர்க்மான்ஸ்.
தில்லைநாதன் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்:
"அது ஃபோர் இல்ல. சிக்ஸ்."

எண்பத்தேழில் அடித்த பந்து.

இந்த ஊரில் காய்ந்த ஆற்றுக்கு வாதி என்று பெயர்.
எங்கள் மைதானம் ஒரு வாதி.
அதனால்தானோ என்னவோ
வழக்கு இன்னும் முடியவில்லை.

நிறுத்திய கார்கள்தான் எல்லைக்கோடு.
பந்து பறந்து வந்து
எங்கள் டாட்சனின் ஏறாத கண்ணாடி வழியே புகுந்து
பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டது, மாப்பிள்ளை மாதிரி.
வழியில் ஒரு கல்லில் குத்தியது என்பது உவைஸ் கட்சி.
அந்தக் கல்லைக் காட்டு என்பான் தில்லைநாதன்.
அதன் மேல் இப்போது ஆறு வழிச் சாலை ஓடுகிறது.

டாட்சன் நாலாம் கை வண்டி.
முந்நூற்று அறுபது ரியால், ஆளுக்குத் தொண்ணூறு.
இடப்பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் அடிக்கும்.
கடுகு நிறம் என்கிறேன் நான்.
"ஆரஞ்சுடா, குருட்டுப்பயலே."
நாலு பேருக்கும் ஒரே லைசென்ஸ், அது தில்லைநாதனுடையது.
டிரம் டெஸ்டில் ஏழு முறை தோற்றவன் பெர்க்மான்ஸ்.
பீப்பாய்களுக்கு நடுவே பின்னால் எடு என்றால்
ஒன்றையாவது படுக்கப்போட்டுவிட்டுத்தான் இறங்குவான்.
அவன் முறை வந்தால் போலீஸ்காரர்
பத்தடி தள்ளிப் போய் நிற்பார்.

அப்புறம் அந்த ராத்திரி.
அதைச் சொல்லாமல் நாங்கள் எழுந்ததில்லை.

அரையிறுதி முடிந்து திரும்பும்போது
மலையில் எங்கேயோ மழை.
தில்லைநாதனுக்கு விரல் முறிந்து துணி சுற்றியிருந்தது.
ஸ்டியரிங்கில் பெர்க்மான்ஸ்.
பள்ளத்தில் பாதி இறங்கியபோது
எதிரே தண்ணீர் வந்தது, பழுப்பாக, அவசரமே இல்லாமல்,
ஒரு கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு.
முன்னால் வழி இல்லை. திருப்ப இடம் இல்லை.
இரண்டு பக்கமும் பாறை, பின் விளக்கு ஒன்றுதான் எரிகிறது.

அரை மைல். பின்னாலேயே எடுத்தான்.
ஒரு கல்லைத் தொடவில்லை.

"எட்டாவது டெஸ்ட்" என்கிறான் பெர்க்மான்ஸ்,
சர்க்கரையைக் கலக்கியபடி.
"பாஸ் பண்ணினப்ப பாக்க ஒரு போலீஸ்காரனும் இல்ல."

அந்தக் கண்ணாடி வழியே தண்ணீர் உள்ளே அடித்ததை
எப்போதும் நான்தான் சொல்வேன்.
இன்றும் சொன்னேன். முழங்கால் வரை நனைந்தோம் என்றேன்.
சொல்லிவிட்டுக் கப்பைப் பார்த்தேன்.

அன்றைக்கு எனக்கு ராத்திரி டூட்டி.
மத்ரா துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணிக்கொண்டிருந்தேன்.
காலையில் வந்து பார்த்தது
சேறு அப்பிய வண்டியையும், தூங்கும் மூன்று பேரையும்தான்.
இத்தனை வருடமும் பொய்ச்சாட்சி.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
"ஆமா" என்றான் உவைஸ். "பின் சீட்டுல நீதானே.
என் கிட் பேக்க மடியில வச்சிட்டு
'உம்மா'ன்னு என்னைவிடச் சத்தமா கத்தினே."
"உம்மான்னா கத்தினான்?" என்றான் தில்லைநாதன்.
"அந்தோணியாரேன்னுல்ல கத்தினான்."
பெர்க்மான்ஸ் எதுவும் சொல்லவில்லை.
என்னைப் பார்த்தான், அல்லது பின்னால் இருந்த சுவரை.

வாயை மூடிக்கொண்டேன்.
இன்னொரு டீ சொன்னேன், நாலு பேருக்கும்.

கிளம்பும்போது மணி பதினொன்று.
பெர்க்மான்ஸ் மகனின் புது வண்டி,
பின்னால் எடுக்கத் திரையே வழி காட்டும், பீப் அடிக்கும்.
அவன் திரையைப் பார்க்கவில்லை.
வலக்கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டு
கழுத்து வலிக்க முழுசாகத் திரும்பினான்.
உவைஸ் தன் மருந்துப் பையை என் மடியில் வைத்தான்.
நான் கால்களைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன்.